பேரேடும் செய்தித்தாளும்: ப. சிங்காரத்தின் நாவல்களும் வரலாற்றுப் புனைவின் எல்லையும்

தமிழில் வரலாற்று நாவல் என்னும் வகை பெரிதும் இதழாளர்களின் கையில் வளர்ந்தது. நவசக்தி, விமோசனம், ஆனந்த விகடன் ஆகிய இதழ்களில் பணியாற்றிய பின்னரே கல்கி 1941இல் தம் பெயரால் இதழ் தொடங்கிப் 'பார்த்திபன் கனவை' எழுதினார். சாண்டில்யன் சுதேசமித்திரனில் செய்தியாளராக இருந்தவர். விக்கிரமன் அமுதசுரபியின் ஆசிரியர். வார இதழின் தொடர்கதை வடிவம் இவர்களுடைய நாவல்களின் அமைப்பை எவ்வாறு தீர்மானித்தது என்பது பற்றி ஆய்வுகள் பல வந்துள்ளன. ஆனால் செய்தி திரட்டுதல், செய்தியைச் சரிபார்த்தல், செய்தியைச் சுருக்குதல் என்னும் தொழிற்பழக்கங்கள் வரலாற்றுப் புனைவுக்குள் எவ்வாறு இடம்பெயர்கின்றன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை ப. சிங்காரத்தின் இரு நாவல்களை முன்வைத்து அணுக முற்படுகிறது.

அயல்நாட்டுப் போர்களைச் செய்தியாக்கிய ஒருவர் பின்னர் வரலாற்று நாவலாசிரியராவது பிற மொழிகளில் அரிய நிகழ்வன்று. ஸ்பானிய எழுத்தாளர் ஆர்த்தூரோ பெரெஸ்-ரெவெர்த்தே 1973 முதல் 1994 வரை போர்ச் செய்தியாளராக இருந்தார். பின்னர் 1996இல் தொடங்கிய அலத்ரிஸ்தே நாவல் வரிசையில் 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கூலிப்படை வீரன் ஒருவனைப் படைத்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜெரால்டின் புரூக்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேட்டுக்காக மத்தியக் கிழக்கிலும் பிற போர்க்களங்களிலும் செய்தி திரட்டியவர். அவருடைய முதல் நாவல் 1666இல் கொள்ளைநோய் கண்ட ஓர் ஆங்கிலச் சிற்றூரைப் பற்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்ட அடுத்த நாவலுக்கு 2006இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இவ்விருவரும் தாம் கண்ணால் கண்ட அழிவை வேறொரு நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கண்டதைக் கண்ட இடத்திலேயே வைத்து வரலாறாக்குவது வேறு முயற்சி. தமிழில் அம்முயற்சியைச் செய்தவர் சிங்காரம்.

அவர் அயல்நாட்டுச் செய்தியாளர் அல்லர் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த அவர் 1938இல் சுமத்ராவின் மேடான் நகரில் வட்டிக்கடை வேலைக்குச் சென்றார். போர்க்காலம் முழுவதையும் அங்கே கழித்து 1946இல் தாயகம் திரும்பினார். 1947இல் தினத்தந்தியின் மதுரைப் பதிப்பில் சேர்ந்து 1987 வரை அங்கேயே பணிபுரிந்தார். 1997 டிசம்பரில் மறைந்தார். அயல்நிலம் முதலில், செய்தித்தாள் பிறகு, நாவல் அதன்பின் என்பது அவருடைய வாழ்வின் வரிசை. 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பெற்று, கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்த பின்னும் பல்லாண்டு காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. நாளேட்டு அலுவலகத்தில் அன்றாடம் அமர்ந்திருந்தவரின் கைப்படிகளுக்கு அச்சு இத்தனை தொலைவில் இருந்தது.

ஒரு போரும் மூன்று எழுத்துகளும்

சிங்காரம் எழுதிய அதே போரை வேறிரு இதழாளர்களும் எழுதியுள்ளனர். ஒருவர் எஸ். ஏ. அய்யர். ராய்ட்டர் செய்தி நிறுவனத்துக்காகப் பாங்காக்கில் பணியாற்றியவர். 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் அறிவித்த ஆசாத் இந்த் அரசில் விளம்பரத் துறை அமைச்சரானார். 1945 ஆகஸ்டு 17 அன்று சைகோனில் போஸ் விமானம் ஏறியபோது அங்கிருந்தவர்களுள் ஒருவர். அவர் 1951இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பே தம்மைச் சாட்சி என்று அறிவிக்கிறது. மற்றவர் கே. பி. கேசவ மேனன். பாலக்காட்டை அடுத்த தரூரில் பிறந்தவர். 1923இல் தொடங்கிய மாத்ருபூமியின் முதல் ஆசிரியர். 1927இல் மலேயா சென்று வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். இந்திய சுதந்திரச் சங்கத்தில் முன்னணியில் நின்று, பின் ஜப்பானியரோடு முரண்பட்டுச் சிறைப்பட்டார். 1946இல் திரும்பிய அவர் மலையாளத்தில் தன்வரலாறு எழுதினார்.

பாலக்காட்டுப் பகுதியில் இருந்து இந்நாவல்களை வாசிப்போருக்கு இப்போர் அயலாருடையதன்று. ஜான்சி ராணிப் படைப்பிரிவின் தலைவி கேப்டன் லட்சுமியின் தாய்வழி இல்லம் இம்மாவட்டத்து ஆனக்கரையில் உள்ளது. பினாங்கில் ஒற்றர் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து தானூர்க் கரையில் இறங்கியவர்களுள் ஒருவரான வக்கம் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிடப்பட்டார். சிங்காரத்தின் கதைமாந்தர் நடமாடும் பினாங்கும் இந்தக் கடற்கரையும் ஒரே போர்வழியின் இரு முனைகள்.

அய்யரின் நூலிலும் கேசவ மேனனின் தன்வரலாற்றிலும் நிகழ்ச்சிகள் திருத்தமாக உள்ளன. நாளும் இடமும் ஆளும் தெளிவாக உள்ளன. அய்யரின் நூலில் எல்லாக் கோடுகளும் தலைவரை நோக்கியே செல்கின்றன. கேசவ மேனனிடம் தமக்கு நேர்ந்தவையே அளவுகோல். இதனைக் குறையெனக் கூறுவதற்கில்லை. தான் காணாததை எழுதாமை நல்ல செய்தியாளனின் ஒழுக்கம். பிறன் மனத்துள் புகாமையும் அவ்வொழுக்கத்தின் ஒரு கூறு. ஆயினும் அந்த ஒழுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பத்தொன்பது வயதில் கப்பலேறி, வட்டிக்கடையின் பெட்டியடியில் அமர்ந்து, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பக் காத்திருந்து, போரினால் வழி அடைபட்டுப்போன நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இந்நூல்களில் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். மேடைக்கு முன் அமர்ந்து முழக்கமிடும் திரளாக, நன்கொடைப் பட்டியலின் எண்ணிக்கையாக, படையில் சேர்ந்த தொகையாக வருகிறார்கள். அவர்களுள் ஒருவன் படையில் ஏன் சேர்ந்தான், போர் முடிந்து மீண்டும் பெட்டியடிக்கு வந்தபோது அவன் கை எப்படிப் பேனாவைப் பிடித்தது என்பது சாட்சியத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 'கடலுக்கு அப்பால்' தொடங்கும் இடம் அதுவே. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து திரும்பும் செல்லையாவுக்கு முதலாளி வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். மறுப்புக்குக் காரணம் பகைமையன்று. துப்பாக்கி பிடித்தவன் வட்டிக்கடைக்கு உதவமாட்டான் என்னும் தொழிற்கணிப்பு. ஒரு பேரரசின் வீழ்ச்சியைக் கடைமுதலாளியின் இந்தக் கணிப்பில் காட்டியது சாட்சி நூல்களால் இயலாத செயல்.

பேரேட்டுக் கண்

சிங்காரத்தின் நடையில் முதலில் புலப்படுவது பெயர்களின் மிகுதி. தெருக்கள், கடைகள், துறைமுகங்கள், மரக்கல வகைகள், சரக்குகள், மலாய்ச் சொற்கள், சீனர் பேச்சு, வட்டிக்கடையின் படிநிலைகளான பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் ஆகிய அனைத்தும் அடுக்கடுக்காக வருகின்றன. இதனை இதழாளரின் விவரப்பற்று என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. தினத்தந்தியை நிறுவிய சி. பா. ஆதித்தனார் தம் 'இதழாளர் கையேட்டில்' வற்புறுத்தியது எளிய சொல், சிறிய தொடர், மிகையின்மை. நாற்பதாண்டு அந்த அலுவலகத்தில் வாழ்ந்தவரின் நாவல் நடை அதற்கு நேர்மாறானது. நீண்டு செல்லும் தொடர்களும், பண்டை இலக்கியச் சொல்லாட்சியும் சந்தைப் பேச்சும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும் பத்திகளும், நிறுத்தற்குறியின்றி ஓடும் நினைவோட்டமும் செய்தித்தாளில் இடம்பெறத் தக்கவை அல்ல. பகலில் அலுவலகத்தில் சுருக்கியதை இரவில் அவர் விரித்தார் போலும்.

பெயர் அடுக்கும் பழக்கம் செய்தித்தாளுக்கு முந்தைய பயிற்சியிலிருந்து வந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. வட்டிக்கடைப் பேரேட்டில் ஒரு பதிவு நிற்க வேண்டுமாயின் யாருக்கு, யார் பொறுப்பில், எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த நாளில், எவ்வளவு என்பவை வேண்டும். ஒன்று தவறினாலும் பணம் திரும்பாது. செய்தியும் ஏறக்குறைய இதே வினாக்களைக் கேட்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. செய்தி மறுநாளே பழையதாகிவிடும். பேரேடோ வராக்கடன் வரும் வரையில், அல்லது இனி வராது என்று தெளியும் வரையில், அந்தப் பெயரை மூடாமல் வைத்திருக்கும். சிங்காரத்தின் நினைவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் மலேயாவில் ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் தாங்கிய நோட்டு 1945 ஆகஸ்டுக்குப் பின் வெறுந்தாளாயிற்று. அந்த நோட்டில் கடனைத் திரும்பப் பெற்றிருந்த கடைகள் ஒரே கிழமையில் வறுமையடைந்தன. செய்தித்தாளில் இது ஒரு பத்திச் செய்தி. பேரேட்டில் இது ஒரு தலைமுறையின் முடிவு. அவருடைய நாவல்களில் வரும் பெயர்ப்பட்டியல்களை நாவலின் ஓட்டத்தைத் தடுக்கும் சுமை என்று கருதுவோர் உளர். கணக்கு முடிக்கப்படாத ஓர் உலகின் நிலுவைப் பட்டியலாக அவற்றைப் படித்தால் அந்தக் குறை நீங்கும்.

செய்தித்தாள் அவருக்குக் கொடுத்தது வேறொன்று. வதந்தி செய்தியாகவும், செய்தி அதிகாரபூர்வ அறிவிப்பாகவும், அறிவிப்பு மீண்டும் வதந்தியாகவும் மாறும் போக்கினை நாளேட்டில் இருப்பவர் நாள்தோறும் காண்கிறார். 'புயலிலே ஒரு தோணி'யின் தொடக்கப் பகுதி இதற்குத் தக்க சான்று. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைகிறது. படை நுழைவு களக்காட்சியாகத் தரப்படுவதில்லை. தெருவோரம் நின்று பார்ப்போர் கண்ணிலும் பேச்சிலும் அது உருப்பெறுகிறது. யார் ஓடிவிட்டார், யார் கடையை அடைத்தார், எது இனி விலையேறும் என்னும் பேச்சின் நடுவே புதிய அதிகாரம் தெருவில் வந்து நிற்கிறது. கொள்ளையடித்தோரின் வெட்டுண்ட தலைகள் எச்சரிக்கையாகக் காட்சிக்கு வைக்கப்படும் இடத்திலும் ஆசிரியரின் குரல் உயர்வதில்லை. இரங்கற்குறிப்போ அறவுரையோ இல்லாமல் அக்காட்சி கடந்து செல்கிறது. இந்தக் குரலடக்கம் இதழாளருடையது. தமிழ் வரலாற்று நாவலுக்கு அதுவரை பெரிதும் பழக்கமில்லாதது.

இரண்டு சுமத்ராக்கள்

இவ்விடத்தில் சாண்டில்யனின் 'கடல்புறா'வோடு ஒப்பிடுவது பயன் தரும். குமுதத்தில் தொடராக வந்த அந்நாவலும் சுமத்ராவைத் தொடுகிறது. கலிங்கத்துப் பரணியால் புகழ்பெற்ற கருணாகரத் தொண்டைமான் அதன் தலைவன். ஸ்ரீவிஜயம் அதன் அரசியற்களம். இரண்டையும் எழுதியவர்கள் இதழாளர்களே. ஒன்று மற்றொன்றுக்கு விடையாக எழுதப்பெற்றது என்று கூற இடமில்லை. ஆயினும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒரே தீவுக்குத் தமிழன் சென்ற இரு வழிகள் தெரிகின்றன. சாண்டில்யனின் தமிழன் மரக்கலத்தின் தலைவனாக வந்து இறங்குகிறான். சிங்காரத்தின் பாண்டியன் பிறர் கடையில் வேலை பார்க்க வந்தவன். மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கு செல்லும் தொங்கானில் புயலுக்கு அஞ்சிச் சுருண்டு கிடப்போருள் ஒருவன். சோழர் கடற்படையின் பெருமையை அவன் அறியாதவனல்லன், நன்கு அறிந்தவன். தமிழ்ப் பெருமிதப் பேச்சு முழுவதும் குடிமேசையில் நண்பர்களின் வாயில் பகடியாக மாறும் பகுதிகள் அந்த அறிவிலிருந்தே எழுகின்றன. கல்வெட்டைக் கற்றவன் கடன்சீட்டையும் எழுத வேண்டியிருக்கும்போது பிறக்கும் நகைப்பு அது. தமிழ்ப் பற்றை இழிவுசெய்யும் பகுதியாக அதனைக் காண்பது பொருந்தாது.

ஆனால் சிங்காரமும் முழுமையாக அந்தப் பழைய மரபிலிருந்து விலகியவரல்லர். பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் இரகசியப் பணிகளில் இறங்கும் இடங்களில் நாவலின் தன்மை மாறிவிடுகிறது. தெருவில் நின்று பார்த்தவன் திடீரென எல்லாச் சூழ்ச்சியையும் முன்னுணரும் வீரனாகிறான். எதிரிகள் அவனுக்கு ஏற்றவாறு ஏமாறுகிறார்கள். பெண்கள் அவன்பால் ஈர்க்கப்படுகிறார்கள். பெயர் அடுக்குகள் குறைகின்றன, விலைகள் மறைகின்றன. தாம் நேரிற் கண்டிராத செயற்களத்தை எழுதும்போது இதழாளரின் கட்டுப்பாடு தளர்ந்து, தாம் பகடி செய்த அதே சாகசக் கதையின் வாய்பாடு உள்ளே புகுந்துவிடுகிறது. இந்நாவலைப் போற்றும் திறனாய்வுகள் இப்பகுதிகளைப் பெரும்பாலும் கடந்து செல்கின்றன. அவ்வாறு கடக்காமல் நின்று நோக்கினால்தான் நாவலின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும். பின்னர் பாண்டியன் டச்சுக்காரருக்கு எதிரான இந்தோனேசிய விடுதலைப் போரில் இறங்கி, ஊர் திரும்பாமலேயே மடியும் பகுதியில் ஆசிரியர் தம் பழைய கண்ணை மீண்டும் பெறுகிறார்.

வரையறை பற்றி

பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் இவ்விரு நாவல்களும் புலம்பெயர்வு நாவல் என்றோ போர் நாவல் என்றோ வகைப்படுத்தப்படுகின்றன. வரலாற்று நாவல் என்னும் தலைப்பின்கீழ் பல்லவரும் சோழரும் பாண்டியருமே நிற்கின்றனர். மன்னர் இல்லையேல் வரலாறு இல்லை என்னும் எண்ணம் இவ்வகைப்பாட்டில் மறைந்துள்ளது. கல்கியே இதனை ஒருமுறை மீறினார். 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கக் காலம் தொடங்கி நாட்டுப் பிரிவினை வரை செல்லும் 'அலை ஓசை' அண்மைக்கால வரலாற்று நாவலே. அந்நாவல் 1956இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றிருந்தும் அதனைச் சமூக நாவல் என்றே அழைத்து வந்துள்ளோம்.

கால இடைவெளி போதாது என்பது வழக்கமாகக் கூறப்படும் தடை. வால்டர் ஸ்காட் 1814இல் வெளியிட்ட 'வேவர்லி'யின் துணைத்தலைப்பு அறுபதாண்டு இடைவெளியைச் சுட்டுகிறது. அதுவே பின்னர் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. சிங்காரமோ நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த உலகை 1950இல் எழுதினார். ஆனால் ஆண்டுகளை எண்ணுவதைவிட, எழுதப்படும் உலகம் முடிந்துவிட்டதா என்று கேட்பதே பொருத்தமானது. 1949 டிசம்பரில் டச்சு ஆட்சி இந்தோனேசியாவின் இறையாண்மையை ஒப்படைத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் வட்டிக்கடை ஒழுங்கு போரோடு நிலைகுலைந்தது. புதிய நாடுகளின் குடியேற்றச் சட்டங்கள் எஞ்சியதையும் நெருக்கின. மேடானின் அந்தத் தெருவுக்கு மேலாளாகப் போகும் எண்ணத்தோடு சிங்கம்புணரியில் இருந்து இனி எந்த இளைஞனும் கப்பலேறப் போவதில்லை என்னும் நிலையில்தான் அவர் எழுத அமர்ந்தார். முடிந்துபோன ஓர் உலகின் உள்ளே இருந்தவன், அது முடிந்தது என்று அறிந்து எழுதுவதை வரலாற்றுப் புனைவு எனாமல் வேறெப்படி அழைப்பது?

இவ்வரையறையை ஏற்றால் எல்லைப்பகுதியின் எழுத்துகளும் வேறு ஒளியில் தெரியும். பாலக்காட்டையும் இடுக்கியையும் தொட்டு நிற்கும் ஆனைமலைத் தொடரின் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. டேனியலும் சிங்காரத்தைப் போல எழுத்துத் தொழிலுக்கு வெளியே, வேறொரு பதிவேட்டின் முன் அமர்ந்திருந்தவர். நோயாளியின் பெயரும் ஊரும் நோயும் நாளும் எழுதிய கை அந்நாவலை எழுதியது. முல்லைப் பெரியாற்று அணையின் கதையை அ. வெண்ணிலா 'நீரதிகாரம்' என்னும் நாவலாக ஆனந்த விகடனில் எழுதியது ஆவணங்களின் வழியாகச் செல்லும் மற்றொரு பாதை.

மலேயாத் தோட்டங்களுக்கும் மூணாற்றுக்கும் ஆள் திரட்டிய கங்காணி முறை ஒன்றே. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் வறட்சி ஒன்றே. ஒருவன் கப்பலேறினான், மற்றொருவன் போடிநாயக்கனூர்க் கணவாய் ஏறினான். மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் டாப் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து இழுவைக் கம்பிவழியில் கொட்டகுடிக்கும் இறங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், மலையாளிகள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று கூறுவது, அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. பாதை திரும்பக் கட்டப்படவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் பெயர் எழுதப்படாமற்போன தொழிலாளியின் கணக்கு அதன்பின் எந்த ஏட்டுக்கு மாற்றப்பட்டது என்பதுதான் சிங்காரம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.